புதுக் கணினி உறைதலும் அதன் காரணங் காணும் முறையும்

கடையிற் கட்டிமுடித்த கணினியை வாங்காது, அதன் உறுப்புக்களைத் தனித்தனியே வாங்கி வீட்டிலேயே பொருத்திக்கொள்ளும் வழக்கம் இன்று நம் ஆசிரியரிடையும் மாணவரிடையும் பரவி வருகின்றது. செலவு சிறிது குறையும். வேண்டிய உறுப்பை வேண்டிய தரத்திற் பெறலாம். நம் கையாற் செய்தோம் என்னும் மகிழ்ச்சியும் உண்டு. ஆயின், இவ்வாறு பொருத்திய பொறி முதல் நாளில் உயிர்பெற்று ஒளிர்ந்து, மூன்றாம் நாளில் ஒரு கடிதத்தைத் தட்டச்சுச் செய்துகொண்டிருக்கும்போதே அசைவற்று நின்றுவிடுமாயின், அம்மகிழ்ச்சி கலக்கமாக மாறுதற்கு நெடுநேரஞ் செல்லாது. ஆளியை அமத்தி மீண்டும் இயக்கினால் யாதும் நிகழாததுபோல் நன்றாக இயங்கும். மறுநாள் மீண்டும் உறையும். இந்நோயின் காரணத்தை எவ்வாறு நாடுவது என்பதே ஈண்டு ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

பழைய கணினி பழுதுறின் வினவவேண்டிய வினா எளிது. நேற்றுவரை நன்றாக இயங்கிற்று. இன்று மாறியது யாது? புதுக் கணினிக்கு நேற்று என ஒன்றில்லை. செயலி, தாய்ப்பலகை, ‘றாம்’ எனப்படும் நினைவகத் துண்டுகள், சேமிப்பகம், வரைவியல் அட்டை, மின்வழங்கி, குளிர்விப்பான் ஆகியன முதன்முறையாக ஒரு பெட்டிக்குட் சந்திக்கின்றன. அவற்றுள் எதுவும் முன்னர்ச் செம்மையாக இயங்கியது என்பதற்கு நம் கையிற் சான்று இல்லை. அவற்றைப் பொருத்திய கையும் பெரும்பாலும் புதிய கையே. ஆதலின் எல்லாம் ஒருங்கே ஐயத்திற்கு உரியனவாகின்றன. “எல்லாம் புதியன, ஆகவே பழுதிருக்க இயலாது” என்று கருதுவோர் பலர். உண்மை அதற்கு நேர்மாறானது. மின்னணு உறுப்புக்கள் தம் வாழ்நாளின் தொடக்கத்திலும் இறுதியிலுமே மிகுதியும் பழுதுறுவன என்பது பொறியியலார் நெடுங்காலமாக அறிந்த செய்தி.

யான் இதனை எழுத நேர்ந்த காரணத்தையும் கூறிவிடுதல் தகும். நம் கல்லூரியின் பழைய ஆண்டு மலர்களை ஒளிப்படமாக்கிப் பேணும் பணியை நண்பர் சிலருடன் யான் மேற்கொண்டேன். கமராவினாற் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து, இரவிற் கணினியிற் சேர்த்து, கமராவின் நினைவட்டையை அழித்து, மறுநாள் மீண்டும் படம் எடுப்பது எங்கள் வழக்கம். பெரிய படக்கோப்புக்களைக் கையாளப் பழைய பொறி போதாமையால் புதியதொன்றைப் பொருத்தினேன். அது ஏறக்குறைய இரண்டு நாளைக்கு ஒருமுறை உறைந்தது. உறைவது இடையூறு என்று மாத்திரமே அப்போது எண்ணினேன். அதனினும் பெரியதொரு தீங்கு ஓசையின்றி நடந்துகொண்டிருந்ததைப் பின்னரே அறிந்தேன்.

முதலில், ‘உறைதல்’ என்று நாம் ஒரு சொல்லாற் கூறுவது ஒரு நிகழ்ச்சியன்று. திரையிற் சுட்டி அசைகின்றது, ஆயின் எந்நிரலும் விடையளிக்கவில்லை என்றால், செயலி உயிரோடுள்ளது. அது சேமிப்பகத்தின் விடைக்கோ ஒரு நிரலின் விடைக்கோ காத்திருக்கின்றது எனக் கொள்ளலாம். சுட்டியும் நின்று, ஒலித்துக்கொண்டிருந்த பாட்டு ஒரே துணுக்கை ‘ர்ர்ர்’ எனத் திரும்பத் திரும்ப ஒலிக்குமாயின், பொறியின் அடித்தளமே நின்றுவிட்டது. நினைவகம், செயலி, வரைவியல் அட்டை என்பவற்றை நோக்கவேண்டும். எவ்வித அறிவித்தலுமின்றித் திரை இருண்டு பொறி தானே மீண்டும் தொடங்குமாயின், மின்வழங்கியை முதலில் ஐயுறுவது முறை. நீலத்திரை தோன்றுமாயின் அது நற்பேறு என்றே சொல்லலாம். இயங்குதளம் தன் உட்கணக்கில் முரண்பாடொன்றைக் கண்டு, மேற்சென்றாற் கேடு விளையும் எனத் தானே நின்றுகொண்டதன் அடையாளம் அது.

எப்போது உறைகின்றது என்பதும் எவ்வாறு உறைகின்றது என்பதைப் போன்றே பயனுள்ளது. விளையாட்டோ படத்தொகுப்போ நடக்கும்போது மாத்திரம் உறைவது வெப்பத்தையோ மின்வழங்கலையோ சுட்டும். வேலையின்றி வாளாவிருக்கும்போது உறைவதும் உண்டு. இது கேட்போர்க்கு வியப்பாகத் தோன்றும். செயலி ஓய்வில் தன் மின்னழுத்தத்தை மிகக் குறைத்துக்கொள்கின்றது. குறைந்த நிலையிலிருந்து திடீரென எழும்போது மின்னழுத்தம் போதாதாயின் அக்கணத்தில் அது தடுமாறும். இடர் உச்சியில் மாத்திரமன்று, அடிவாரத்திலும் உண்டு.

விண்டோஸ் இயங்குதளத்தில் நிகழ்ச்சிப் பதிவேடு ஒன்றுளது. புதியவர் அதனைத் திறந்தவுடன் ‘கேர்னல் பவர் 41’ என்னும் சிவப்பு வரியைக் கண்டு, மின்வழங்கி பழுதெனத் துணிந்து புதியதொன்றை வாங்கிவிடுவர். அவ்வரியின் பொருள், பொறி முறைப்படி மூடப்படாது மீண்டும் தொடங்கிற்று என்பது மட்டுமே. நாமே ஆளியை அமத்தி நிறுத்தினாலும் அவ்வரி எழுதப்படும். அஃது இறப்புப் பதிவு. இறப்பின் காரணத்தை அது கூறுவதில்லை. நீலத்திரையின் இலக்கங்கள் இதனினும் பயனுடையன. பதினாறின் அடியில் எழுதப்படும் 124 என்னும் இலக்கம் வன்பொருளே தன் பிழையை அறிவித்தது என்று காட்டும். ஒவ்வொரு முறையும் ஒரே இலக்கமும் ஒரே டிரைவரின் பெயரும் வருமாயின் அந்த மென்பொருளை நோக்குக. இன்று ஒன்று, நாளை வேறொன்று, மறுநாள் தொடர்பற்ற மற்றொன்று என வருமாயின், நினைவகத்தை நோக்குக. எழுதிய தாளே கரைகின்றதாயின் எச்சொல் அழியும் என்று யார் கூறவல்லார்?

இனி, இவ்வாராய்ச்சியில் அறிவுடையோரும் இடறி விழும் இடத்துக்கு வருவாம். இப்பழுது எப்போதும் நிகழ்வதன்று, இடையிடையே நிகழ்வது. ஒரு மாற்றத்தைச் செய்கின்றோம். இரண்டு நாள் நன்றாக இயங்குகின்றது. நோய் தீர்ந்தது என்கின்றோம். என் நிலை அதுவே. வரைவியல் அட்டையின் டிரைவரை மாற்றினேன். மூன்று நாள் அமைதி. அயலவர் ஒருவர் சுவரிலுள்ள மின்செருகியே குற்றம் என்றார். வேறு அறைக்கு மாற்றினேன். இரண்டு நாள் அமைதி. சேமிப்பகத்தைக் கழற்றி வேறிடத்திற் பொருத்தினேன். மீண்டும் இரண்டு நாள். மூன்று முறை நோய் தீர்ந்தது. மூன்று முறையும் மீண்டது.

கணித ஆசிரியர் ஒருவரிடம் இதனைக் கூறியபோது அவர் ஒரு தாளை எடுத்துக் கணக்கிட்டுக் காட்டினார். உறைவுகள் ஒன்றோடொன்று தொடர்பின்றி எழுமாறாக நிகழ்வன என்றும், சராசரியாக இரண்டு நாளைக்கு ஒன்று நிகழ்வது என்றும் கொள்வோம். யாதொரு மாற்றமும் செய்யாமலே இரண்டு நாள் உறைவின்றிக் கழிவதற்கான நிகழ்தகவு நூற்றுக்கு 37. நான்கு நாள் கழிவதற்கு நூற்றுக்கு 14. ஆறு நாள் கழிவதற்கு நூற்றுக்கு 5. ஆகவே இரண்டு நாள் அமைதி எதனையும் நிறுவாது. மூன்றில் ஒரு முறைக்கு மேலாக அது தானே நிகழும். சராசரி இடைவெளியின் மும்மடங்கு காலம் பொறுத்திருந்து பார்த்தபின்னரே, மாற்றம் பயன்பட்டது என்று ஓரளவு துணியலாம். ஒரே நாளில் மூன்று மாற்றங்களைச் செய்தவன், நோய் தீர்ந்தாலும் எதனால் தீர்ந்தது என்று அறியான். தீராவிடின் எதனை ஐயத்தினின்று விலக்குவது என்றும் அறியான். மாற்றம் ஒன்று, பின்னர் மும்மடங்கு பொறுமை.

ஒவ்வோர் உறுப்புக்கும் ஆறு ஆறு நாளாகக் காத்திருத்தல் இயலுமோ என்று வினவலாம். இயலாது. அதனாற்றான் நோயை நாமே விரைவில் வருவிக்கும் வழியை நாடவேண்டும். இரண்டு நாளைக்கு ஒருமுறை தோன்றும் பழுதை இருபது நிமிடத்துக்கு ஒருமுறை தோன்றச் செய்துவிட்டால், ஒரு மணித்தியாலத்தில் ஒரு மாற்றத்தைச் சோதித்து முடிக்கலாம். பொறியின் ஓர் உறுப்பை மாத்திரம் இடைவிடாது வருத்தும் சோதனை நிரல்கள் இதற்கென உள்ளன.

அந்நிரல்களுட் சில கணித ஆராய்ச்சியின் வழிவந்தவை என்பது நம் மாணவர் அறியத்தக்கது. 1994ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வர்ஜினியா மாநிலத்து லிஞ்ச்பேர்க் கல்லூரியிற் கணிதப் பேராசிரியராயிருந்த தோமஸ் நைஸ்லி என்பார், இரட்டைப் பகா எண்களின் தலைகீழ்களைக் கூட்டிக்கொண்டிருந்தார். புதிய பென்டியம் கணினி ஒன்றைத் தம் பணியிற் சேர்த்தபின், விடைகள் பழைய கணினிகளின் விடையோடு பொருந்தவில்லை. அவர் உடனே செயலியைக் குற்றஞ் சாட்டினாரல்லர். தம் நிரலில் வழுவுண்டோ என்று பார்த்தார், நிரலை மொழிபெயர்க்கும் மென்பொருளைப் பார்த்தார், தாய்ப்பலகையைப் பார்த்தார். யூன் மாதத்திற் கண்ட முரண்பாட்டின் காரணம் செயலியின் வகுத்தற் பகுதியே என்று துணிய அவருக்கு ஒக்டோபர் மாதம் ஆயிற்று. 824633702441 என்னும் எண்ணின் தலைகீழை அச்செயலி பத்து இலக்கங்களுக்கு அப்பால் பிழையாகக் கணித்தது. இன்டெல் நிறுவனம் முதலில் இதனைச் சிறிதெனக் கருதிற்று. பின்னர், வேண்டுவோர்க்கெல்லாம் செயலியை மாற்றித்தர இசைந்து, அதன்பொருட்டு 47 கோடியே 50 இலட்சம் டொலரைக் கணக்கிற் கழித்தது. நான்கு மாதப் பொறுமையின் பயன் அது.

மேர்சென் பகா எண்களைத் தேடுவோர் பயன்படுத்தும் ‘பிரைம் 95’ என்னும் நிரலும் இவ்வகையது. பெருக்கலில் ஓர் இலக்கம் பிழைத்தாலும் அது கண்டுகொள்ளும். ஆகவே செயலியின் நேர்மையைச் சோதிக்க உலகெங்கும் அதனை எடுத்தாள்கின்றனர். 2015ஆம் ஆண்டில் வெளிவந்த இன்டெலின் ஸ்கைலேக் செயலிகள் 14942209 என்னும் அடுக்கை அந்நிரல் சோதிக்கும்போது உறைந்து நின்றன. எண்ணாராய்ச்சியாளரே அதனைக் கண்டனர். 2016 சனவரியில் நிறுவனம் பழுதை ஒப்புக்கொண்டு, பயோஸ் புதுப்பித்தலாற் களைந்தது.

சோதனையைத் தொடங்குமுன் செய்யவேண்டியது ஒன்றுண்டு. பயோஸ் அமைப்புக்களை எல்லாம் தொடக்க நிலைக்கு மீட்டுவிடல் வேண்டும். “யான் எதனையும் வேகப்படுத்தவில்லை” என்று பலர் கூறுவர். ஆயின், வழிகாட்டிக் காணொளிகளைப் பார்த்துப் பொருத்திய அனைவரும் ‘எக்ஸ்.எம்.பி.’ அல்லது ‘எக்ஸ்போ’ என்னும் தெரிவை இயக்கியிருப்பர். நினைவகத் துண்டின் பெட்டியில் எழுதியுள்ள வேகத்தைப் பெறுதற்கு அது வேண்டும். அத்தெரிவே வேகப்படுத்தலாகும். பெட்டியில் எழுதியுள்ள வேகம் அத்துண்டு எட்டவல்ல வேகம். உங்கள் செயலியும் தாய்ப்பலகையும் அதனைத் தாங்குமென்பதற்கு அது உறுதிமொழியன்று.

எடுத்துக்காட்டொன்று தருவேன். 2022ஆம் ஆண்டில் வெளிவந்த ஏ.எம்.டி. ரைசன் 7000 வரிசைச் செயலிகளுக்கு டி.டி.ஆர். 5 நினைவகத் துண்டுகள் இரண்டைப் பொருத்தினால் 5200 வேகம்வரை நிறுவனம் உறுதியளிக்கின்றது. இங்கு 5200 என்பது ஒவ்வொரு தடத்திலும் செக்கனுக்கு நிகழும் தரவு மாற்றங்களை மில்லியனிற் குறிப்பது. நான்கு துண்டுகளைப் பொருத்தினால் அவ்வுறுதி 3600 ஆகக் குறைகின்றது. கடையில் விற்கும் துண்டின் பெட்டியிலோ 6000 என்று எழுதப்பட்டுள்ளது. நான்கு துண்டுகளை வாங்கி 6000இல் இயக்குவோன், தான் உறுதியளித்த எல்லையின் ஒன்றரை மடங்குக்கும் அப்பாற் செல்வதை அறியான். துண்டுகள் மிகுதோறும் மின்குறிப்பலைகள் செல்லும் தடங்களிற் சுமை கூடுகின்றது; குறிப்பலையின் விளிம்பு மழுங்குகின்றது; ஒன்றைப் பூச்சியமென்றும் பூச்சியத்தை ஒன்றென்றும் படிக்க நேர்கின்றது. இத்தனைக்கும், இரண்டு துண்டுகள் உள்ள பெட்டியில் அவ்விரண்டும் ஒருங்கே சோதிக்கப்பட்டவை. இரண்டு பெட்டிகளை வாங்கிக் கலந்தால், அந்நால்வரும் ஒருவரையொருவர் முன்பு கண்டவரல்லர்.

இரு துண்டுகளே உள்ளவர் அவற்றைச் செயலியிலிருந்து எண்ணி இரண்டாம், நான்காம் இடங்களிற் பொருத்துதல் பெரும்பாலான தாய்ப்பலகைகளில் விதி. கையேட்டைப் பார்த்து உறுதி செய்க. டி.டி.ஆர். 5 நினைவகம் கொண்ட பொறி முதன்முறை இயங்கும்போது திரை சில நிமிடம் இருண்டேயிருக்கும். அது தன் தடங்களின் காலத்தை அளந்து பழகிக்கொள்ளும் நேரம். பொறி இறந்துவிட்டதென அஞ்சி அவ்வேளையில் மின்னை நிறுத்திவிடுவோர் உளர்; யானும் இருமுறை அவ்வாறு செய்தேன்.

நினைவகத்தைச் சோதிக்க ‘மெம்டெஸ்ட் 86’ முதலிய நிரல்களைப் பென்டிரைவ் ஒன்றில் இட்டு, இயங்குதளத்தைத் தொடங்காமலே ஓட்டவேண்டும். குறைந்தது நான்கு சுற்று முடியவேண்டும். பெரிய நினைவகமாயின் ஓரிரவு செல்லும். இதிற் சித்தியடையும் புள்ளி நூற்றுக்கு நூறு. ஒரு வழுத் தோன்றினும் தோல்வியே. “கோடிக்கணக்கான இடங்களில் ஒன்றுதானே” என்று விடுதல் கூடாது. அவ்வொன்றில் எது எழுதப்படும் என்பதை நாம் தெரிவதில்லை.

நினைவகம் பிழைபடுதல் அரிதென எண்ணியிருந்த காலம் ஒன்றிருந்தது. 1978ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனத்து மே, வூட்ஸ் என்னும் இருவர், நினைவகச் சில்லுக்களைப் பொதிந்த சுட்ட மண்ணிற் கலந்திருந்த யுரேனியம், தோரியம் என்பவற்றின் மிகச் சிறு அளவு வெளிவிடும் அல்பாத் துணிக்கைகளே தகவலை மாற்றுகின்றன என்று காட்டினர். அதன்பின், நினைவக வழுவெனின் எங்கிருந்தோ வந்து தாக்கும் துணிக்கையின் வினையென்றே பலர் கருதி வந்தனர். 2009இல் ஷ்ரோடர், பின்ஹெய்ரோ, வெபர் என்போர் கூகிள் நிறுவனத்தின் கணினிகளை இரண்டரை ஆண்டு அவதானித்து வெளியிட்ட ஆய்வு அதனை மாற்றிற்று. ஓராண்டில் நினைவகத் துண்டுகளுள் நூற்றுக்கு எட்டுக்கு மேற்பட்டவை வழுக் காட்டின. ஒருமுறை வழுவியது மீண்டும் வழுவிற்று. இது விண்ணிலிருந்து வருவதன்று, துண்டிலேயே உறைவது என்பது பெறப்பட்டது. 2011இல் மைக்ரோசொப்ட் ஆய்வாளர் பத்து இலட்சம் வரையான சாதாரணக் கணினிகளை நோக்கியபோதும் அவ்வாறே கண்டனர். வன்பொருட் பழுதால் ஒருமுறை நிலைகுலைந்த கணினி மீண்டும் நிலைகுலையும் வாய்ப்பு நூறு மடங்குவரை மிகுந்தது. ஆகவே, “ஒருமுறைதானே நின்றது, போகட்டும்” என்பது தவறான ஆறுதல்.

ஏனைய காரணங்களைச் சுருக்கமாகக் கூறி அமைவேன். குளிர்விப்பானின் அடியிலுள்ள பிளாஸ்ரிக் மென்றகட்டை உரிக்க மறந்து பொருத்துதல் புதியவர் பலர் செய்வது. ரைசன் 7000 வரிசையிற் பல செயலிகளின் வெப்ப எல்லை 95 பாகை செல்சியசு. இன்டெலின் பல செயலிகளுக்கு 100. எல்லையை அணுகும்போது இன்றைய செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளுமாதலின், வெப்பம் உறைவை விட மந்தத்தையே முதலில் விளைக்கும். மின்வழங்கியின் 12 வோல்ற்றுத் தடம் நூற்றுக்கு ஐந்து வரை, அதாவது 11.4 முதல் 12.6 வரை, விலகலாம். அதற்கப்பாற் செல்லின் மாற்றவேண்டும். பெரிய வரைவியல் அட்டைக்கு இரண்டு மின்வடங்கள் வேண்டுமாயின், ஒரு வடத்தின் இரு தலைகளைச் செருகாது இரண்டு தனி வடங்களைச் செருகுக. பெட்டியின் உலோகத்தைத் தொடும்போது கையிற் சுரீரென்றால், வீட்டின் புவித்தொடுப்பை மின்னறிஞர் ஒருவரைக் கொண்டு பார்ப்பித்தல் கணினிக்கன்று, வீட்டிலுள்ளோர்க்கு வேண்டப்படுவது.

பொருத்தியவர் மீதே எப்போதும் குற்றம் என்றும் கொள்ளற்க. இன்டெலின் 13ஆம், 14ஆம் தலைமுறை மேசைக் கணினிச் செயலிகளிற் சில, எவ்வகைப் பிழையுஞ் செய்யாதார் கையிலும் நிலைகுலைந்தன. செயலி தனக்கு வேண்டியதினும் மிகுந்த மின்னழுத்தத்தைக் கேட்டுப் பெற்றதே காரணம் என்று 2024இல் அந்நிறுவனம் வெளிப்படுத்தி, ஆகத்து மாதத்தில் திருத்தம் வெளியிட்டு, உத்தரவாதத்தையும் இரண்டாண்டு நீட்டியது. திருத்தம் வருமுன் கெட்டுவிட்ட செயலியைத் திருத்தம் மீட்காது, மாற்றியே ஆகவேண்டும். அத்தலைமுறைச் செயலி வைத்திருப்போர் தாய்ப்பலகையின் பயோஸைப் புதுப்பித்துக்கொள்க.

இனி எனது பொறிக்கு வருவேன். அதில் நான்கு நினைவகத் துண்டுகள். இரண்டு பெட்டிகளாக, இரண்டு மாத இடைவெளியில் வாங்கியவை. எக்ஸ்போ தெரிவில் 6000 வேகம். நான்கும் இருக்க ஓட்டிய சோதனையில் மூன்றாம் மணித்தியாலத்தில் வழுக்கள் தோன்றின. எந்தத் துண்டு குற்றவாளி என்று காண, முதலிரண்டை மாத்திரம் வைத்து ஓட்டினேன், வழுவில்லை. அவற்றைக் கழற்றி மற்ற இரண்டையும் வைத்து ஓட்டினேன், அதிலும் வழுவில்லை. மீண்டும் நான்கையும் வைத்து 3600இல் ஓட்டினேன், வழுவில்லை. துண்டுகளுள் எதுவும் பழுதன்று. நான்கின் கூட்டும் அவ்வேகமும் சேர்ந்ததே பழுது. கடைக்காரரிடம் சென்று ஒரு துண்டை மாற்றித்தரக் கேட்டிருந்தேனாயின், அவர் சோதித்துக் குற்றமில்லை என்று திருப்பித் தந்திருப்பார். அவர் கூற்று உண்மையாகவும் இருந்திருக்கும்.

காரணங் கண்டுவிட்டேன் என்று மகிழ்ந்த அன்றிரவே மற்றொரு நினைவு வந்தது. கமராவின் அட்டையிலிருந்து ஒரு படத்தைக் கணினியிற் சேர்க்கும்போது, அது நேரே சேமிப்பகத்துக்குச் செல்வதில்லை; நினைவகத்தினூடு செல்கின்றது. அங்கு ஒரு துணுக்கு மாறினால், மாறியதே சேமிப்பகத்தில் எழுதப்படும். உறைந்த நாட்களை நான் எண்ணினேன். உறையாத நாட்களில் என்ன நடந்தது என்று எண்ணவில்லை. நிலைகுலையும் கணினி தன் நோயைக் கூறிவிடுகின்றது. நிலைகுலையாது பிழையாக எழுதும் கணினி கூறுவதில்லை. டி.டி.ஆர். 5 துண்டுகளில் வழுத்திருத்தம் உள்ளதே என்று சிலர் கூறுவர். அது சில்லின் உள்ளே நிகழும் வழுவைத் திருத்துவது. சில்லுக்கும் செயலிக்கும் இடையே தடத்தில் நிகழ்வது அதன் காவலுக்கு அப்பாற்பட்டது.

ஆறு கிழமையாகச் சேர்த்த படங்களை எல்லாம் ஒன்றொன்றாகத் திறந்து பார்த்தோம். பதினேழு பக்கங்கள் பழுதாயிருந்தன. ஜேபெக் முறையிற் சுருக்கிய படத்தில் ஒரு துணுக்கு மாறினும், அவ்விடத்துக்குக் கீழுள்ள பகுதி முழுதும் நிறம் மாறியோ இடம் பெயர்ந்தோ சிதைந்துவிடும். அப்பக்கங்களின் மேற்பாதி தெளிவாகவும் கீழ்ப்பாதி சாம்பற் பட்டையாகவும் நின்றது. அட்டையை அன்றன்றே அழித்துவிட்டமையால் முதற்பிரதி எம்மிடமில்லை. பதினான்கு பக்கங்களை நூலகத்து மலர்களிலிருந்து மீண்டும் படமெடுத்தோம். எஞ்சிய மூன்றும் 1957ஆம் ஆண்டு மலரைச் சேர்ந்தவை. அம்மலர் நூலகத்தில் இல்லை. பழைய மாணவர் ஒருவரின் குடும்பத்தார் சில நாளைக்கு இரவல் தந்து, பின்னர் தம்முடன் கடல் கடந்து கொண்டுசென்றனர்.

இப்போது அப்பொறி ஒரு பெட்டியின் இரண்டு துண்டுகளோடு, எக்ஸ்போ இன்றி, 4800 வேகத்தில் இயங்குகின்றது. படங்களைத் திறப்பதில் வேறுபாடு எதனையும் நாங்கள் உணரவில்லை. நாற்பது நாளாக ஒருமுறையேனும் உறையவில்லை. கணித ஆசிரியரின் கணக்குப்படி இதனை நம்பலாம். அட்டையிலுள்ள கோப்புக்கும் சேமிப்பகத்திலுள்ள கோப்புக்கும் ‘ஷா 256’ என்னும் சரிபார்ப்பு எண்ணைக் கணித்து, இரண்டும் ஒன்றாயிருந்தால் மாத்திரம் அட்டையை அழிக்கின்றோம். ஒரு கோப்பில் ஒரு துணுக்கு மாறினும் அவ்வெண் முழுதும் வேறாகிவிடுமாதலின், கண்ணாற் காணவியலாத பிழையும் அதிற் சிக்கும். இதற்குப் படமொன்றுக்கு ஒரு செக்கனும் செல்வதில்லை.

1957ஆம் ஆண்டு மலரின் 23ஆம், 58ஆம், 61ஆம் பக்கங்களின் கீழ்ப்பாதி இன்னும் சாம்பல் நிறமாகவே உள்ளது. இவற்றுள் 58ஆம் பக்கம் அவ்வாண்டு நாடகத்தில் நடித்த மாணவரின் பெயர்ப் பட்டியல். முதல் ஒன்பது பெயர்களே எம்மிடமுள்ளன. அம்மலரின் பிரதியை வைத்திருக்கும் பழைய மாணவர் எவரேனும் இம்மூன்று பக்கங்களையும் படமெடுத்துக் கல்லூரி நூலகத்துக்கு அனுப்பி உதவுமாறு வேண்டுகின்றேன்.